கேட்டதை நிரூபிக்க வேண்டும்: லஞ்சப் பொறியில் சாட்சியாக நின்ற அனுபவம்

லஞ்சம் வாங்கிய அதிகாரி கையும் களவுமாகப் பிடிபட்டார் என்று பேப்பரில் வரும்போது நாம் படிப்பது ஒரே ஒரு நாளின் கதை. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் நடந்த அலைச்சலும், அதற்குப் பின்னால் கோர்ட்டில் போகிற வருஷங்களும் அந்தச் செய்தியில் இருக்காது. வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அந்த இரண்டிலும்தான். வேளாண்மைத் துறையில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது, 2019இல், நெல்லைப் பக்கம் லஞ்ச ஒழிப்புத் துறை வைத்த ஒரு பொறியில் சாட்சியாகப் போனேன். 2023இல் அதே வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் வருவார்கள். "அண்ணாச்சி, ஆபீஸ்ல துட்டு கேக்காவ. குடுக்காம வேல நடக்காதுன்னு எல்லாரும் சொல்லுதாவ. என்ன செய்ய?" என்பார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுசாக எழுதுகிறேன். அந்த வழக்கில் வருகிற ஆட்களின் பெயரும் ஊரும் அலுவலகமும் இதில் வராது.

புகார் கொடுத்தவர் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிற விவசாயி. அப்பா இறந்தபின் அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொண்டார்கள். இவர் பங்கை அளந்து, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்க வேண்டும். அது இருந்தால்தான் கூட்டுறவு சங்கத்தில் இவர் பெயரில் பயிர்க்கடன் கேட்க முடியும். இ-சேவை மையத்தில் மனுப் போட்டார், உட்பிரிவுக் கட்டணமும் கட்டினார், ரசீதும் வாங்கினார். அப்புறம் சர்வேயர் வந்து அளக்க வேண்டியதுதான் பாக்கி. சர்வேயர் வரவில்லை.

போய்ப் பார்த்தபோது கிடைத்த பதில், அவர் சொன்னபடியே: "வயல் எங்கயும் ஓடிப் போயிராது. சங்கிலி புடிக்க ஆள் வேணும், மேல வரைக்கும் பாக்கணும். பதினஞ்சு ரெடி பண்ணிட்டு வாங்க." கெஞ்சிக் கேட்டதில் பதினைந்தாயிரம் பத்தாயிரமாக இறங்கியது. லஞ்சம் என்ற வார்த்தையை யாருமே வாயில் எடுக்க மாட்டார்கள். செலவு என்பார்கள், கவனிக்கணும் என்பார்கள், ஆபீஸ் முழுக்கப் பிரிக்கணும் என்பார்கள். சில இடத்தில் அதிகாரி கேட்கவே மாட்டார். வாசலில் நிற்கிற கையாள்தான் கேட்பார். சட்டத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 7ஆவது பிரிவு, நேரே வாங்கினாலும் வேறொருவர் மூலம் வாங்கினாலும் குற்றம் என்கிறது. அந்தக் கையாளுக்குத் தனியாக 7ஏ என்ற பிரிவே இருக்கிறது. இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் தண்டனை.

இந்த இடத்தில் அந்த விவசாயி செய்த ஒரு காரியத்தை நான் எல்லாருக்கும் சொல்வேன். கோபத்தில் சண்டை போடவில்லை, கடன் வாங்கிக் கொடுத்துவிடவும் இல்லை. கல்லூரியில் படிக்கிற அண்ணன் மகளை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதினார். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பினார். ஏன் கேட்கிறோம் என்று அதில் காரணம் எழுத வேண்டியதில்லை. கேள்விகளும் சாதாரணமானவைதான். என் மனு எண் இன்னது. இது எந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவரிடம் போனது, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் இருந்தது? எனக்குப் பின்னால் வந்த உட்பிரிவு மனுக்களில் எவை முடிக்கப்பட்டன? அந்தப் பதிவேட்டின் நகல் வேண்டும்.

இப்படித்தான் கேட்க வேண்டும். "ஏன் எனக்குப் பட்டா தரவில்லை?" என்று கேட்டால் விளக்கம் கேட்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தேதியும் பதிவேடும் கேட்டால் மறுக்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். ஆணையத்தில் விசாரணைக்கு வர ரொம்ப நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் நம் பக்கத்தில் பெரும்பாலான வேலைகள் முதல் மனுவிலேயே அசைந்துவிடுகின்றன. கோப்பு யார் மேஜையில் தூங்குகிறது என்பது எழுத்தில் வரப்போகிறது என்றதும் எழுந்து நடக்கிற கோப்புகளை அலுவலகத்துக்குள் இருந்தே நான் பார்த்திருக்கிறேன்.

இவருக்கு அப்படி அசையவில்லை. ஆனால் பதில் வந்தது. மனு நில அளவரிடம் நிலுவையில் இருக்கிறது, இன்ன தேதியிலிருந்து இருக்கிறது என்று கையெழுத்தும் முத்திரையுமாக வந்தது. பின்னால் வந்த மனுக்கள் முடிந்திருப்பதும் பதிவேட்டு நகலில் தெரிந்தது. அந்தக் காகிதம் கோர்ட்டில் என்ன வேலை செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பதிலோடுதான் அவர் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனார். 1964இலிருந்து இயங்குகிற துறை அது; ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் என்பது முழுப்பெயர். நெல்லையில் டிஎஸ்பி தலைமையில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கிற குறைதீர்க் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். தாமதம், அலைக்கழிப்பு, தப்பான உத்தரவு, இதற்கெல்லாம் அங்கே மனுக் கொடுங்கள், 1100 என்ற எண்ணிலும் சொல்லுங்கள், ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பணம் கேட்கிறார் என்ற புகாரை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள். மனு பல கை மாறி, யார் மேல் புகாரோ அந்த அலுவலகத்துக்கே அறிக்கை கேட்டு வரும். அதற்குள் அவர் உஷாராகிவிடுவார்; பொறி வைக்க வழியே இருக்காது. அந்தப் புகார் நேரே லஞ்ச ஒழிப்புத் துறைக்குத்தான் போக வேண்டும். போகிற விஷயத்தை மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் போனார் அவர். நம் ஊர்களில் ஒரு டீக்கடையில் சொன்னால் போதும், தாலுகா ஆபீஸ் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். கொடுப்பதற்கு முன்னாலேயே போக வேண்டும். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம்; 7 வருஷம் வரை தண்டனை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட்டால் அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. முன்கூட்டியே தகவல் சொல்லி, அவர்களுக்கு உதவியாகப் பணத்தைக் கொடுத்தால் அது குற்றமே ஆகாது. "போன வருஷம் கொடுத்தேன், இப்போ புகார் கொடுக்கலாமா?" என்று வருகிறவர்களிடம் முதலில் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த 7 நாள் கணக்கைக் கிராமத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிக்கூடச் சுவரிலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிப்போட வேண்டிய விஷயம் இது.

புகாரை அவர் தன் வார்த்தையிலேயே எழுதிக் கொடுத்தார். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம், என்ன வார்த்தை என்று கேட்டுக் கேட்டு எழுதச் சொன்னார்களாம். புகார் உண்மைதானா, அந்த அதிகாரியின் நடத்தை எப்படி என்று தனியாக விசாரித்துவிட்டு வழக்குப் பதிந்தார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். வாங்காமல் யாரும் வரக்கூடாது.

என் பங்கு அதற்கு மறுநாள் காலையில் தொடங்கியது. இன்ன இடத்துக்குப் போங்கள் என்று என் மேலதிகாரி சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. போனால், என்னைப் போலவே வேறொரு துறையிலிருந்து இன்னொருவர் வந்திருந்தார். எங்கள் இருவருக்கும் புகார்தாரரை அறிமுகம் செய்தார்கள். புகாரைப் படிக்கச் சொன்னார்கள். அவரிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் சொன்னார்கள்.

பத்தாயிரம் ரூபாயையும் அவர்தான் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் எழுதினார்கள். பிறகு சோடியம் கார்பனேட் கரைசலை ஒரு கண்ணாடித் தம்ளரில் கலந்து, என்கூட வந்த சாட்சியைக் கைவிரலை முக்கச் சொன்னார்கள். நிறம் மாறவில்லை. அடுத்து நோட்டுகளில் பினாப்தலின் பொடியைத் தடவி, அவரை எண்ணச் சொல்லி, மறுபடி முக்கச் சொன்னார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. பினாப்தலினுக்குத் தானாக நிறமில்லை. காரத்தன்மை உள்ள கரைசலில் பட்டால்தான் சிவக்கும். விரலில் ஒட்டியிருக்கிற பொடி கண்ணுக்கே தெரியாது. செய்து காட்டிய கரைசலைக் கொட்டிவிட்டு, நோட்டுகளை விவசாயியின் சட்டைப் பையில் வைத்தார்கள். அதுவரை நடந்த ஒவ்வொன்றையும் மகஜராக, அதாவது சாட்சிகள் கையெழுத்திடும் பதிவாக, எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் விவசாயியிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அவராக் கேட்டாத்தான் எடுத்துக் குடுக்கணும். கேக்காம நீங்களா நீட்டக் கூடாது." என்னிடம் சொன்னது: "நீங்க அவர் கூடவே போங்க. என்ன பேசுதாங்க, என்ன நடக்கு, நல்லாக் கவனிச்சுக்கோங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்." சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு நான் கூடப் போவதாக ஏற்பாடு.

அந்த அறையில் சர்வேயர் உடனே பணத்தைப் பற்றிப் பேசவில்லை. மழை எப்படி, அணையில் தண்ணீர் எவ்வளவு, கார் நெல் என்ன விலைக்குப் போச்சு என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. விவசாயியின் கை பையின் பக்கம் போகவே இல்லை. அந்தப் பொறுமையை நான் இன்றைக்கும் வியக்கிறேன். கடைசியில் சர்வேயராகவே கேட்டார்: "அந்த விஷயம் என்னாச்சு? கொண்டு வந்தீயளா?" "கொண்டு வந்திருக்கேன் சார்." "பத்தும் இருக்கா?" "இருக்கு சார்." வலது கையால் வாங்கி, இரண்டு கையாலும் எண்ணி, சட்டைப் பையில் வைத்தார். விவசாயி வெளியே வந்து தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அதுதான் அடையாளம்.

அதன்பிறகு நடப்பது செய்தித்தாளில் வருகிற பகுதி. புதிதாகக் கரைசல் கலந்து சர்வேயரின் வலது கையைத் தனியாக, இடது கையைத் தனியாக முக்கச் சொன்னார்கள், இரண்டும் சிவந்தன. நோட்டு எண்களை நாங்கள் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மாற்றுச் சட்டை கொடுத்து, அவர் சட்டைப் பையையும் அதே மாதிரி சோதித்தார்கள். ஒவ்வொரு கரைசலையும் பாட்டிலில் ஊற்றி, அரக்கு முத்திரை வைத்து, எங்கள் கையெழுத்துள்ள சீட்டை ஒட்டினார்கள். விவசாயியின் மனுக் கோப்பும் கைப்பற்றப்பட்டது. எழுதி முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் பயிர்க்கடன் கிடைக்காமல், நகையை அடகு வைத்து ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்கு, உரம் வாங்கிய குடும்பம் இந்தப் பக்கம் நிற்கிறது. அந்தக் குடும்பத்துக்காக வருத்தப்பட அந்த அறையில் முன்பு யாரும் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்தது: ஒரு நோட்டை எடுத்து, நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், யார் என்ன வார்த்தை பேசினார்கள், கதவு திறந்திருந்ததா, மணி எத்தனை என்பது வரை எழுதி வைத்தேன். சாட்சியாகப் போகிற எவரும் அன்றைக்கே இதைச் செய்துவிட வேண்டும். சம்மன் வர வருஷங்கள் ஆகும். வழக்குத் தொடர, அந்த ஊழியரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் உள்ளவரின் அனுமதி வேண்டும். அதன்பிறகுதான் கோர்ட் வழக்கை எடுக்கும். அனுமதியை 3 மாதத்தில் முடிவு செய்யப் பார்க்க வேண்டும், விசாரணையை 2 வருஷத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் வழக்கில் கொரோனாவும் சேர்ந்து இழுத்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகுதான் சம்மன் வந்தது.

இந்த இடைவெளிதான் ஆபத்தான காலம். விவசாயியின் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. மிரட்டல் எல்லாம் இல்லை; மிரட்டினால் புகார் கொடுத்துவிடலாம். சொந்த மச்சானையே கூட்டிக்கொண்டு, ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர் வந்தார். "அவரு புள்ளைக படிக்குதுவ. ஒரு குடும்பத்தக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு வே? கடனாக் குடுத்த துட்டுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்." விவசாயி சொன்ன பதிலை அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "நாளைக்கு எம்மவன் அதே ஆபீஸ் வாசல்ல போயி நிக்கணும்லா? அன்னைக்கு அவன்ட்ட நான் என்ன சொல்ல?" படித்தவர்கள் பலர் சறுக்குகிற இடத்தில் அவர் நின்றார். பெரிய காரியம் அது.

அவர் சறுக்கியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் எனக்கு விளக்கினார்கள். நோட்டில் தடவிய பொடி கையில் சிவந்தால் மட்டும் தண்டனை கிடைத்துவிடாது. பணம் கேட்டார் என்பதும், கேட்டு வாங்கினார் என்பதும் தனித்தனியாக நிரூபிக்கப்பட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014இல் பி. ஜெயராஜ் வழக்கில் உறுதியாகச் சொன்னது. அதனால் புகார்தாரர் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனாலோ இறந்துபோனாலோ வழக்கு விழுந்துவிடும் என்ற நிலை இருந்தது. 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, புகார்தாரர் இல்லாவிட்டாலும் மாறிச் சொன்னாலும் மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்துக் கேட்டதை நிரூபிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் கேட்டதை நிரூபித்தே ஆக வேண்டும் என்பது மாறவில்லை. "கொண்டு வந்தீயளா?" என்ற அந்த ஒரு கேள்வியைக் காதால் கேட்டவர்கள் எங்கள் வழக்கில் இரண்டு பேர், அவரும் நானும்.

பாளையங்கோட்டையில் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னை நெடுநேரம் குறுக்கு விசாரணை செய்தார். ஃபேன் ஓடியதா, சத்தத்தில் எப்படிக் கேட்டது, நீங்கள் போலீஸ் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறீர்கள் என்று மாறி மாறி வந்தது. தெரிந்ததைத் தெரியும் என்றேன். நினைவில்லாததை நினைவில்லை என்றேன். சாட்சி சொல்கிறவருக்கு இதைவிடப் பெரிய தந்திரம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் பார்த்தால்தான் மாட்டிக்கொள்வோம். அவர்கள் தரப்பு வாதம் முக்கியமாக இரண்டு: அது கைமாற்றாகக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தந்தது என்பது ஒன்று, உட்பிரிவு மனு தன்னிடம் நிலுவையிலேயே இல்லை, பிறகு எதற்குப் பணம் கேட்கப்போகிறேன் என்பது இன்னொன்று. இரண்டாவது வாதத்தை உடைத்தது அந்தத் தகவல் உரிமைப் பதில்தான். சொந்த அலுவலகமே கையெழுத்துப் போட்டு, மனு இவரிடம்தான் இருக்கிறது என்று தேதியோடு கொடுத்த காகிதம். 10 ரூபாய் ஸ்டாம்புக்கு வந்த பலன். வேலை இவரிடம் கிடந்தது என்று ஆனபிறகு கைமாற்றுக் கதையும் நிற்கவில்லை. கேட்டு வாங்கினார் என்பது நிரூபணமானால், அது லஞ்சம் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு வாங்கியவர் தலையில் ஏறுகிறது. சட்டத்தின் 20ஆவது பிரிவு அது. 2024இல் தண்டனைத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு ஹைகோர்ட் மதுரைக் கிளையில் இருக்கிறது.

போனில் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்பதைப் பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் பதிவானதை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, போனை மாற்றிவிட்டால் அந்தப் பதிவுக்கு மதிப்புப் போய்விடும். பதிவு செய்த அதே போனை அப்படியே வைத்திருங்கள், வெட்டி ஒட்டாதீர்கள், புகாரோடு அதை ஒப்படையுங்கள். மின்னணு ஆதாரத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஊர் முழுக்கப் பரப்பினால் அந்த அதிகாரி எச்சரிக்கை ஆவதைத் தவிர வேறு பலன் இல்லை.

"பிடிச்சுக் குடுத்துட்டா நம்ம வேல ஒரேயடியா நின்னு போகுமே?" என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. நியாயமான பயம்தான். இவர் விஷயத்தில் கோப்பு கோர்ட்டுக்குப் போய்விட்டதால் சில மாதம் தாமதமானது. நகலை வைத்து மறுபடி எழுதிக் கேட்டார்; புதிதாக வந்த சர்வேயர் அளந்து கொடுத்தார். பொறிக்குக் கொடுத்த பத்தாயிரமும் திரும்பக் கிடைத்தது. மற்ற ஆபீஸ்களில் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசு ஊழியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்லாரும் திருடர்கள் என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவது நேர்மையாக இருப்பவர்களைத் தனியாளாக்கிவிடுகிறது. முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை மறக்கக் கூடாது. தாமிரபரணியில் மணல் கடத்தியதைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்தவர். 2023 ஏப்ரல் 25 அன்று அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அதே ஆற்றுக்காக நல்லகண்ணு அய்யா மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட்டு, தானே நின்று வாதாடி, 2010இல் மணல் அள்ளத் தடை வாங்கினார். ஆற்றைக் காக்க வெளியே ஒருவர் வழக்காடினார், உள்ளே ஒருவர் புகார் எழுதினார். அந்த அலுவலர் உயிரோடு இருந்தபோது அவர் பக்கத்தில் எத்தனை ஊர்க்காரர்கள் நின்றிருப்போம் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நேர்மையான ஒரு விஏஓ, ஒரு எஸ்ஐ உங்கள் ஊருக்கு வந்தால், அவர் செய்த நல்ல வேலையை மேலதிகாரிக்கு எழுதுங்கள். குறை சொல்ல மட்டும் மனு என்று யாரும் சொல்லவில்லை.

மனு என்றால் எனக்கு 2017 அக்டோபர் 23 நினைவுக்கு வரும். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்த ஒரு குடும்பம், இரண்டு பச்சைக் குழந்தைகளோடு, நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தீக்குளித்து மாண்டது. அதீத வட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருந்தது. சட்டம் இருந்தும், மனுவும் இருந்தும், நடவடிக்கை இல்லாமல் போனதற்கு அந்தக் கூலித் தொழிலாளியை யாரும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் படித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு தெருவிலும் நாலு பேராவது மனு எழுதிக் கொடுக்க உட்கார வேண்டும் என்கிறேன். எழுதுவதோடு விடாமல், ரசீது எண்ணை ஒரு நோட்டில் குறித்து, பதில் வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் அடுத்த படிக்கு எழுத வேண்டும். நாங்கள் சில பேர் எங்கள் ஊரில் வாரம் ஒருநாள் மாலை இதைச் செய்கிறோம். பெரும்பாலும் பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு. லஞ்சப் புகார் வரை போகிறவை அபூர்வம். எழுத்தில் கேட்கத் தெரிந்தாலே பல வேலை முடிந்துவிடுகிறது.

பஞ்சாயத்துப் பணத்துக்கும் இதே வழிதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. கூட்டத்துக்கு முன்னாலேயே வரவு செலவு விவரத்தையும், உங்கள் தெருவில் போட்ட சாலையின் மதிப்பீட்டையும் தகவல் உரிமையில் வாங்கி வைத்துக்கொண்டு போங்கள். அந்தச் சட்டத்தில் வேலை நடக்கிற இடத்தைப் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு சின்னப் பாலத்துக்குப் போட்ட கணக்கைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்கச் சொன்னோம். கம்பி எத்தனை, ஜல்லி எத்தனை யூனிட் என்று வாசிக்க வாசிக்க, அந்த வேலைக்குப் போன கொத்தனாரே எழுந்து, "அவ்வளவு கம்பி அங்க வரலைய்யா" என்றார். அதைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொன்னோம், ஏற்றினார்கள். கையெழுத்துக் கேட்டு நோட்டு உங்களிடம் வந்தால், தீர்மானங்களைப் படித்துப் பாருங்கள், கடைசித் தீர்மானத்துக்குக் கீழே காலியிடம் இல்லாமல் கோடு போடச் சொல்லுங்கள், அப்புறம் போடுங்கள். மறுவாரமே அந்தப் பக்கத்தின் நகலுக்கு மனு அனுப்பிவிடுங்கள்.